மெல்போர்னில் அப்பா அம்மாவுக்குக் காட்ட என்ன இருக்கிறது?

கேள்வி: 2024 செப்டம்பர் 14

டிசம்பரில் அப்பாவும் அம்மாவும் திருச்சியிலிருந்து வருகிறார்கள். மூன்று மாதம் இருப்பார்கள். நாங்கள் மேற்குப் புறநகர் டார்னீட்டில் இருக்கிறோம். சிட்னி என்றால் ஓப்பரா ஹவுஸ், பாலம் என்று கைகாட்ட ஏதாவது இருக்கிறது. மெல்போர்னில் அப்படி ஒன்றுமே இல்லை என்பது என் எண்ணம். இரண்டு நாளில் ஊரைச் சுற்றிக் காட்டிவிடலாம். மீதி நாளுக்கு என்ன செய்வது?

2024 செப்டம்பர் 14, இரவு

ஒன்றுமே இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தபால்தலையில் போடுகிற மாதிரி ஒற்றைச் சின்னம் கிடையாது, அது சரி. இந்த ஊரின் பெரிய கட்டடங்கள் எல்லாம் ஊர்க்காரர்கள் தினமும் புழங்குகிற இடங்கள்: ரயில் நிலையம், நூலகம், சந்தை, கிரிக்கெட் மைதானம். வெளியே நின்று படம் எடுத்துவிட்டுக் கிளம்பினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். உள்ளே போய் உட்கார்ந்தால்தான் ஊர் தெரியும்.

முதலில் ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் ஸ்டேஷன். மஞ்சள் கட்டடமும் பச்சைக் குவிமாடமும் 1910-இல் கட்டி முடித்தது. வாசல் வளைவில் வரிசையாகக் கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒரு தடத்தின் அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று காட்டும். 1983-இல் இவற்றை எடுத்துவிட்டு டிஜிட்டல் பலகை வைக்கப் பார்த்தார்கள். ஊரே எதிர்த்ததால் கடிகாரங்கள் அதே இடத்துக்குத் திரும்பின. இன்றும் யாரையாவது பார்க்க வேண்டும் என்றால் "கடிகாரத்துக்குக் கீழே நில்" என்றுதான் சொல்வார்கள். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எதிர்முனையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். எந்தச் சுற்றுலாப் பேருந்தும் அதைக் காட்டாது.

2024 செப்டம்பர் 15

நூலகத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று நேற்றே நினைத்தேன்.

ஸ்வான்ஸ்டன் தெருவில் இருக்கிற மாநில நூலகம் 1856-இல் திறந்தது. பதினாலு வயதுக்கு மேல் யாரும் வரலாம், கை சுத்தமாக இருந்தால் போதும் என்பதுதான் அன்றைய விதி. தங்கம் தோண்ட வந்த கூட்டம் சேறும் கூடாரமுமாக இருந்த காலத்தில் இப்படி ஒரு நூலகம் கட்டினார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பு. உள்ளே எட்டுமுக வாசிப்பு மண்டபம், 1913-இல் எழுப்பியது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். கூரைக் கண்ணாடிகளை 1959-இல் மூடிவிட்டார்கள், 2003-இல்தான் மறுபடி வெளிச்சம் உள்ளே வந்தது. அனுமதி இலவசம். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பச்சை விளக்குகளின் கீழே நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள்போல விரியும் மேசைகளில் உட்கார்ந்திருப்பார்கள்.

நெட் கெல்லி என்ற கொள்ளைக்காரன் போட்டிருந்த இரும்புக் கவசம் இந்த நூலகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஏர்க்கலப்பை இரும்பை அடித்து வளைத்துச் செய்தது. அவனுக்குத் தூக்குத் தண்டனை சொன்ன நீதிபதி ரெட்மண்ட் பேரி. 1880 நவம்பர் 11-இல் கெல்லியைத் தூக்கிலிட்டார்கள், பன்னிரண்டு நாள் கழித்து நீதிபதியும் இறந்துபோனார். இந்த நூலகத்தை உருவாக்க முன்னின்றவரும் அதே பேரிதான். அவர் சிலை வாசலில் நிற்கிறது, அவரால் தூக்குக்குப் போனவனின் கவசம் உள்ளே. தூக்கு நடந்த பழைய சிறை இரண்டு தெரு தள்ளி. அப்பாவுக்குக் கதை கேட்கப் பிடிக்கும் என்றால் இந்த வரிசையில் கூட்டிப்போங்கள்: சிறை, பிறகு நூலகம்.

2024 செப்டம்பர் 18

ட்ராம் டிக்கெட் பற்றிக் கேட்டவருக்கு: நகர மையத்துக்குள் ட்ராம் இலவசம், 2015 ஜனவரியிலிருந்து. விக்டோரியா மார்க்கெட்டும் டாக்லேண்ட்ஸும் இந்த எல்லைக்குள்தான். எல்லைக்குள் ஏறி எல்லைக்குள்ளேயே இறங்குவதாக இருந்தால் மைக்கி என்கிற பயண அட்டையைத் தட்டவே வேண்டாம், தட்டினால் காசு போகும். எல்லையைத் தாண்டினால் கட்டாயம் தட்ட வேண்டும். எல்லை முடியும் நிறுத்தத்தை உள்ளேயே அறிவிப்பார்கள்.

2024 செப்டம்பர் 22

ட்ராம் பேச்சு வந்துவிட்டதால் இன்னும் கொஞ்சம். உலகத்திலேயே பெரிய ட்ராம் வலை இங்கேதான், சுமார் 250 கிலோமீட்டர். சிட்னி தன் பழைய ட்ராம்களை 1961-க்குள் முழுக்கப் பிடுங்கிப் போட்டுவிட்டது. இங்கே அப்போது ட்ராம் வாரியத் தலைவராக இருந்த ராபர்ட் ரிஸன் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி அசைந்துகொடுக்கவில்லை. தண்டவாளங்களைக் கான்கிரீட்டில் பதிக்கச் செய்தார், பிடுங்குவதற்கே பெரும் செலவாகும்படி. ஒரு மனிதரின் பிடிவாதத்தால் ஒரு நகரத்துக்கு எவ்வளவு மிச்சம்! இன்று சிட்னி பெரும்பணம் கொட்டிப் புதிதாகத் தண்டவாளம் போடுகிறது.

இந்த ட்ராம்களால்தான் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஹூக் டர்ன் என்கிற விதி. நகர மையத்தில் சில சந்திப்புகளில் வலப்பக்கம் திரும்ப இடக்கோடிக்குப் போக வேண்டும். சந்திப்புக்குள் நுழைந்து இடது ஓரத்தில் காத்திருந்து, குறுக்குத் தெருவுக்குப் பச்சை விழுந்ததும் திரும்ப வேண்டும். ட்ராமின் வழியை மறிக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. அப்பா அம்மாவைக் காரில் வைத்துக்கொண்டு இதை முதல்முதலாகப் பழகாதீர்கள். காரை டார்னீட் ஸ்டேஷனில் விட்டுவிட்டு ரயிலில் போங்கள்.

யாரா ஆறு ஏன் சேறாக ஓடுகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மேல்கரை மண் மிக நுண்ணிய களிமண், நிலத்தைத் திருத்தியதில் அரித்துக்கொண்டு வருகிறது. பார்க்க அழுக்குபோல இருந்தாலும் நிறம் மண்ணால் வந்தது. இந்த மண்ணின் மூத்த மக்களான வுருண்ட்ஜெரிகள் அதைப் பிர்ரருங் என்கிறார்கள். இன்று குவீன்ஸ் பாலம் இருக்கிற இடத்தில் ஒரு பாறைத் திட்டு இருந்தது, கீழே உப்புத் தண்ணீர், மேலே நல்ல தண்ணீர். குடிக்கத் தண்ணீர் கிடைத்ததால்தான் வெள்ளைக்காரர்கள் 1835-இல் இந்த இடத்தில் இறங்கினார்கள். கப்பல் போக வேண்டும் என்று 1883-இல் பாறையை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

2024 செப்டம்பர் 29

நேற்று ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலிய வகைக் கால்பந்தின், இறுதி ஆட்டம். பிரிஸ்பேன் சிட்னியை 120-60 என்று நசுக்கிவிட்டது. இரண்டுமே வெளியூர் அணிகள், ஆனாலும் மைதானத்தில் லட்சம் பேர். ஆட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை இந்த மாநிலத்துக்கே பொதுவிடுமுறை. பக்கத்து வீட்டுப் பாட்டி காலையிலேயே கேட்டார், "நீ யார் பக்கம்?" பதில் இல்லாமல் இந்த ஊரில் இருக்க முடியாது. ஏதாவது ஒரு அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள், அலுவலகத்தில் பேச்சு தானாக நடக்கும்.

2024 அக்டோபர் 12

கேள்வி கேட்டவர் இன்று ஒரு செய்தி போட்டிருக்கிறார்: அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே சார்! இப்போது என் வரிசை மொத்தமும் மாறுகிறது. முதல் இடம் பஃபிங் பில்லிக்கு.

டாண்டினாங் மலையில் பெல்கிரேவ் ஸ்டேஷனிலிருந்து கிளம்புகிற நீராவி ரயில் அது. 762 மில்லிமீட்டர் குறுகிய பாதை, 1900 டிசம்பரில் திறந்தது. 1953-இல் மண் சரிந்து பாதை மூடிக்கொண்டது. அத்தோடு போயிருக்க வேண்டியது. ஊர் ஆர்வலர்கள் சேர்ந்து காப்பாற்றி, 1962-இல் மென்சீஸ் கிரீக் வரை மறுபடி ஓட்டினார்கள். இன்றும் தொண்டர்கள் கைதான் பெரும்பாலும். கரி அள்ளிப் போடுகிறவர், கொடி காட்டுகிறவர் எல்லாரிடமும் போய்ப் பேசலாம், பேசுவதற்கென்றே காத்திருப்பார்கள். ஊட்டி ரயிலின் புது எஞ்சின்கள் பொன்மலையில் செய்தவை என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும், உங்கள் ரயில் கிளம்பினாலும் அவரை விடமாட்டார்கள். ஜன்னல் திட்டில் உட்கார்ந்து காலை வெளியே தொங்கப் போட்டுக்கொண்டு மரப்பாலத்தைக் கடப்பது இந்த ரயிலின் வழக்கம்.

இன்னொன்றும் அவருக்குப் பிடிக்கும். விக்டோரியாவின் அகலப்பாதை 1600 மில்லிமீட்டர், நம்மூர் அகலப்பாதை 1676. நியூ சவுத் வேல்ஸ் 1435 வைத்துக்கொண்டது. அதனால் மெல்போர்னிலிருந்து சிட்னி போகிறவர்கள் பல காலம் எல்லையில் ஆல்பரியில் இறங்கி, ராத்திரியில் வேறு ரயிலுக்கு மாற வேண்டியிருந்தது. 1962-இல்தான் 1435 பாதை மெல்போர்ன் வரை வந்தது. சதர்ன் கிராஸ் ஸ்டேஷனில் இரண்டு அகலத் தண்டவாளங்களையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். உங்கள் டார்னீட் ரயில் ஓடுவது 1600-இல். அந்த டீசல் ரயில்பெட்டிகள் வெளிநாட்டிலிருந்து வந்தவை அல்ல, டாண்டினாங்கிலேயே கட்டியவை.

2024 அக்டோபர் 13

மேலே விட்டுப்போனது: முழுத் தீத்தடை அறிவிக்கிற நாளில் பஃபிங் பில்லிக்கு டீசல் எஞ்சின் மாட்டுவார்கள், பொறி பறந்து காடு பற்றக் கூடாது என்பதற்காக. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இதற்கு வாய்ப்பு உண்டு. பதிவு செய்யும்போது வானிலை பார்த்து, சூடில்லாத நாளாக எடுங்கள். நீராவி எஞ்சினைப் பார்க்க வந்த மனிதருக்கு டீசலைக் காட்டக் கூடாது.

2024 நவம்பர் 5

இன்று மெல்போர்ன் கப் நாள், விடுமுறை. குதிரைப் பந்தயத்துக்கு ஒரு நகரமே விடுமுறை எடுக்கிறது, 1861-இலிருந்து நடக்கிற பந்தயம். எனக்குப் பந்தயத்தில் ஈடுபாடில்லை. ஆனால் 1930-இல் ஜெயித்த ஃபார் லாப் என்ற குதிரையின் தோலைப் பதப்படுத்தி மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் நிற்க வைத்திருக்கிறார்கள், அதைப் பார்க்க அம்மாவைக் கூட்டிப்போனேன். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றவர்கள் இறந்துபோன சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பக்கத்திலேயே 1880-இல் கட்டிய ராயல் கண்காட்சிக் கட்டடம். ஆஸ்திரேலியாவின் முதல் நாடாளுமன்றம் 1901 மே 9-இல் அங்கேதான் கூடியது.

2024 நவம்பர் 23

இந்த இழையில் எல்லாரும் இடங்களை அடுக்கிக்கொண்டே போகிறோம், நானும்தான். கேள்வியின் கடைசி வரிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை: மீதி நாளுக்கு என்ன செய்வது?

என் அம்மா முதல் தடவை வந்தபோது நாங்கள் தென்கிழக்குப் புறநகர் நோபிள் பார்க்கில் இருந்தோம், இப்போதும் அங்கேதான். வார இறுதிகளில் ஒரு இடம் விடாமல் கூட்டிப்போனோம். திங்கள் முதல் வெள்ளி வரை அம்மா வீட்டுக்குள்ளேயே இருந்தார். தெருவில் ஆள் நடமாட்டம் கிடையாது. கீரைக்காரி இல்லை, கோயில் மணி இல்லை, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வராது. மதியம் போன் பண்ணினால், "ஜன்னல்கிட்ட உக்காந்திருக்கேன்ப்பா, ரோட்ல ஒரு நாயைக்கூடக் காணோம்" என்பார். அதைக் கேட்டுவிட்டு எனக்கு வேலை ஓடாது.

அப்போது அவருக்குத் தேவைப்பட்டது தனியாகப் போய்வரக்கூடிய ஒரு இடம். கடலோரச் சாலையால் அதைத் தர முடியாது.

எங்களுக்கு அது டாண்டினாங் மார்க்கெட். 1866-இலிருந்து நடக்கிற சந்தை. செவ்வாய், வெள்ளி, சனி, ஞாயிறு திறந்திருக்கும். நோபிள் பார்க்கிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன். மைக்கி அட்டையைத் தட்டுவது, எந்த பிளாட்பாரம், திரும்பும்போது எந்த ரயில் என்று கூடவே போய்ச் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த வாரம் நான் ஒரு பெட்டியில், அவர் அடுத்த பெட்டியில். பிறகு தனியாகப் போனார். எங்கள் பாதையை 2018-இல் தூக்கிக் கட்டிவிட்டார்கள், கேட் மூடி வரிசையில் நிற்கிற வேலை ஒழிந்தது. மேலே ரயிலிலிருந்து வீட்டுக் கூரைகளும் தூரத்து மலையும் தெரியும். அதையே அம்மா பெரிய காட்சியாகச் சொல்வார்.

சந்தையில் ஆப்கான் கடைக்காரரிடம் கொத்தமல்லி வாங்குவார். இவருக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு இவர் மொழி தெரியாது. "இன்னைக்கு அவர் ஒரு கட்டு கூடப் போட்டார்டா" என்று சாயங்காலம் எனக்குச் செய்தி வரும். வீட்டில் பேச அவரிடமே ஒரு விஷயம் இருந்தது. அதற்கு முன்னால் நான்தான் பேசிக்கொண்டிருந்தேன், அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

டார்னீட்காரர்களுக்கு ஃபுட்ஸ்கிரேதான் அந்த இடம் என்று நினைக்கிறேன். உங்கள் ஜீலாங் பாதை ரயிலே அங்கே நிற்கும். வியட்நாம் கடைகளில் வாழைப்பூ, பாகற்காய், வள்ளைக்கீரை, உயிர்நண்டு எல்லாம் கிடைக்கும். அம்மா சமைக்கிறவர் என்றால் அவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். ரயிலில் கூட்டம் இருக்கும், அதனால் காலை நெரிசல் முடிந்தபிறகு ஏறச் சொல்லுங்கள்.

2024 நவம்பர் 24

"வயசானவங்களைத் தனியா அனுப்புறதா?" என்று கேட்டவருக்கு: பயம் நியாயமானது. கையில் போன், வீட்டு முகவரி எழுதிய சீட்டு, ஒரே பாதை, பகல் நேரம். இந்த நான்கும் இருந்தால் போதும். நம் பெற்றோர் ஊரில் வங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் தனியாகப் போனவர்கள்தானே. இங்கே வந்ததும் குழந்தையாக்கிவிடுவது நாம்தான்.

2024 டிசம்பர் 8

கிரேட் ஓஷன் ரோடு ஒரே நாளில் முடியுமா என்று இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். முடியும், ஆனால் வயதானவர்களோடு வேண்டாம். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை போட்ட சாலை, முழுக்க வளைவு. வழியில் கடலுக்குள் நிற்கிற பாறைத் தூண்களுக்குப் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகள் என்று பெயர். 2005-இல் ஒன்று சரிந்த பிறகு எட்டுதான் நிற்கின்றன. ஒரு ராத்திரி தங்குங்கள். தங்க முடியாவிட்டால் போகும்போது கடலோரமாகப் போய், வரும்போது கோலாக் வழியாக உள்நாட்டுச் சாலையில் திரும்புங்கள், அது நேர்ப்பாதை.

ஃபிலிப் தீவுப் பெங்குவின் பற்றி: கோடையில் பொழுது சாய ஒன்பது மணி ஆகிவிடும், அதற்குப் பிறகுதான் கடலிலிருந்து வரும். குளிர்காற்று வேறு. பார்த்துவிட்டு டார்னீட் திரும்ப நடுராத்திரி தாண்டும். படம் எடுக்கவும் அனுமதியில்லை. அந்தச் சின்னப் பறவைகள் கூட்டம் சேர்ந்து தயங்கித் தயங்கி மணலைக் கடப்பதைப் பார்க்க இந்தக் கஷ்டம் தகும் என்பது என் கட்சி. மறுநாள் வேறு எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

2024 டிசம்பர் 19

அஷ்வின் நேற்று பிரிஸ்பேனில் ஓய்வு அறிவித்துவிட்டார். மெல்போர்ன் டெஸ்டில் அவரைப் பார்க்கலாம் என்று டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். மனசே ஆறவில்லை. இன்று எழுத வேறொன்றும் இல்லை.

2024 டிசம்பர் 31

எம்சிஜி என்கிற மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம் பற்றி இத்தனை நாள் எழுதாமல் வைத்திருந்தது இந்த வாரத்துக்காகத்தான். உலகின் முதல் டெஸ்ட் 1877 மார்ச்சில் இந்த மைதானத்தில்தான் நடந்தது. இப்போது முடிந்த இந்திய டெஸ்டின் ஐந்து நாளில் 3,73,691 பேர் வந்திருக்கிறார்கள். பிராட்மன் காலத்தில் 1937-இல் வந்த கூட்டத்தையும் தாண்டிவிட்டது.

28-ஆம் தேதி நான் உள்ளே இருந்தேன். இந்தியா தத்தளித்துக்கொண்டிருந்தபோது நிதிஷ் ரெட்டியும் நம்ம வாஷிங்டன் சுந்தரும் சேர்ந்து 127 ரன். வாஷிங்டன் 162 பந்து நின்று 50 அடித்தார். சேப்பாக்கத்தில் விளையாடி வளர்ந்த பையன் ஷேன் வார்ன் பெயர் வைத்த ஸ்டாண்டுக்கு முன்னால் கம்மின்ஸை மறித்து நிற்கிறான். சுற்றிலும் தமிழ், தெலுங்கு, பஞ்சாபி. அவர் அவுட் ஆனதும் பும்ராவும் போய்விட்டார், நிதிஷ் 99. சிராஜ் மூன்று பந்தைத் தடுத்தார். அந்த மூன்று பந்துக்கும் முன்வரிசை ஆஸ்திரேலியர்கள்கூட எழுந்து நின்றார்கள். சதம் வந்ததும் நிதிஷின் அப்பா அழுததைப் பெரிய திரையில் காட்டினார்கள். நேற்று தோற்றோம், 184 ரன்னில். வெளியே வரும்போது ஜோலிமான்ட் ஸ்டேஷன் வரை வருத்தத்தோடுதான் நடந்தேன். ஆனால் ஊரைக் காட்ட வேண்டும் என்றால் இப்படி ஒரு நாள் போதும்.

2025 ஜனவரி 18

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: அப்பா பஃபிங் பில்லிக்கு இரண்டாவது தடவையும் போய்விட்டார். அம்மா ஃபுட்ஸ்கிரேயிலிருந்து வாழைப்பூ வாங்கி வந்து வடை சுட்டாராம். படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரு எச்சரிக்கை. வடக்குக் காற்று அடித்துச் சூடு ஏறுகிற நாளில், சாயங்காலம் தென்மேற்கிலிருந்து குளிர் திருப்பம் வரும். அரை மணியில் பதினைந்து டிகிரி இறங்கிவிடும். காலையில் எவ்வளவு கொதித்தாலும் பையில் ஸ்வெட்டர் இருக்கட்டும். 2009 பிப்ரவரி 7-இல் இங்கே 46.4 டிகிரி. அன்றைய காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். சூடான நாளில் மலைப்பக்கம் போகிற திட்டத்தை யோசிக்காமல் ரத்து செய்யுங்கள்.

காபி விஷயம் கேட்டவருக்கு: அப்பாவுக்கு "மேஜிக்" சொல்லிக்கொடுங்கள். இந்த ஊர்க் கடைகளின் சொந்தக் கண்டுபிடிப்பு, சின்னக் கோப்பையில் இரட்டை டிகாக்‌ஷன், பால் முக்கால்தான். ஃபிளாட் ஒயிட்டில் ஏமாந்த நம்மவர்களுக்கு இது பிடிக்கும். மூன்று மணிக்கு முன்னால் போங்கள், பல கடைகள் அதற்குள் மூடிவிடும்.

2026 பிப்ரவரி 8

இந்த இழையை இன்னும் படிக்கிறவர்களுக்குப் புதுத் தகவல். நவம்பர் 30-இல் திறந்த மெட்ரோ சுரங்கம் இந்த மாதம் முதல் முழு அட்டவணையில் ஓடுகிறது. சன்பரி, கிரான்போர்ன், பேக்கன்ஹாம் ரயில்கள் இனி ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட்டுக்கு வராது. ஆர்டன், பார்க்வில், ஸ்டேட் லைப்ரரி, டவுன் ஹால், ஆன்சாக் என்ற ஐந்து புது ஸ்டேஷன் வழியாகப் போகும். எங்கள் நோபிள் பார்க் ஆட்களுக்குக் கடிகாரத்தடியில் இறங்குகிற பழக்கம் போயிற்று, அதில் எனக்கு வருத்தம் உண்டு. டவுன் ஹாலிலிருந்து தரைக்கடியிலேயே நடந்து ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் போய்விடலாம், இருந்தாலும்.

டார்னீட்காரர்களுக்கு இது லாபம். ஃபுட்ஸ்கிரேயில் இறங்கி சன்பரி பாதை ரயிலுக்கு மாறினால் நேராக நூலகத்தின் பக்கத்திலேயே இறங்கலாம். ரயில்வேக்காரர் யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தால் ஐந்து ஸ்டேஷனிலும் இறக்கி ஏற்றுங்கள். பிளாட்பாரத்தின் கண்ணாடிக் கதவுகள் ரயில் கதவோடு ஒட்டித் திறப்பதைப் பார்க்க வேண்டும். ஆன்சாக்கில் படி ஏறினால் நேரே ட்ராம் நிறுத்தம். வார நாளில் காலை பத்து மணிக்கு மேல் போனால் உட்கார இடம் கிடைக்கும்.